கைபேசி இருக்கும் காலத்தில் உருவத்தை உள்ளபடி வரையும் ஓவியர்களுக்கு எங்கிருந்து உந்துதல் வருகிறது? எப்படிப் பிழைக்கிறார்கள்?

கேட்டவர் கூடவே ஒரு விவரமும் சேர்த்திருக்கிறார். மகள் உயர்தர வகுப்பில் சித்திரப் பாடம் எடுத்திருக்கிறாள், ஆள்முகத்தை அச்சொட்டாக வரைகிறாள், ஆனால் கைபேசி ஒரு நொடியில் செய்வதற்கு ஏன் கிடந்து மினக்கெடுகிறாள் என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் இலங்கையின் வன்னியில், கிளிநொச்சிப் பக்கம் கடைப் பெயர்ப்பலகை எழுதுகிறவன், கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிறவன், இறந்தவர்களின் உருவப்படம் வரைகிறவன். கலை விமர்சனம் என் துறை அல்ல. ஆனால் இந்தக் கேள்வியை என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள்.

ஓவியர்கள் தங்கள் உந்துதல் பற்றிப் பேட்டிகளில் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒளி என்பார்கள், இயற்கை என்பார்கள், மனித மனம் என்பார்கள். அந்த ஆள் எதன் முன்னால் போய் நின்றார், எவ்வளவு காலம் நின்றார், அதுவரை வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று பார்த்தால் விடை தானாக வந்துவிடும்.

ஸ்பெயினைச் சேர்ந்த அந்தோனியோ லோப்பஸ் கார்சியா 1936இல் தொமெயோசோ என்ற ஊரில் பிறந்தவர். முதலில் அவருக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் ஓவியராக இருந்த தந்தையின் சகோதரர். மாட்ரிட் நகரத்தின் கிரான் வியா தெருவை அவர் வரையத் தொடங்கியது 1974இல், முடித்தது 1981இல். கோடைகாலத்து விடியல், ஆறரை மணி வெளிச்சம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அது சற்று நேரம்தான் நிற்கும். வெளிச்சம் மாறியதும் அன்றைய வேலை முடிந்தது. கோடை போய்விட்டால் அடுத்த வருடம் பார்க்க வேண்டியதுதான்.

1990இல் தன் வீட்டு முற்றத்தில் தானே நட்ட குவின்ஸ் மரத்தை வரைய முனைந்தார். மஞ்சள் நிறத்தில் கனமான பழம் காய்க்கும் மரம் அது. நிற்கும் இடம் மாறக்கூடாது என்று பாதத்தின் அளவுக்கு நிலத்தில் ஆணி அடித்துக்கொண்டார். மேசன்மார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டை மரத்துக்கு முன்னால் தொங்கவிட்டார். பழம் கனத்துக் கிளை தாழத் தாழ, எவ்வளவு தாழ்ந்தது என்று அறிய இலையிலும் பழத்திலும் வெள்ளை வர்ணத்தால் கோடு போட்டார். மழை பிடித்துக்கொண்டது, வெயில் வரவில்லை. எண்ணெய் ஓவியத்தைக் கைவிட்டுப் பென்சிலுக்கு மாறினார். அதுவும் முடியுமுன் பழங்கள் விழத் தொடங்கிவிட்டன. ஓர் இயக்குநர் கூடவே இருந்து இதைத் திரைப்படமாக எடுத்தபடியால் நாம் இவ்வளவையும் பார்க்க முடிகிறது. ஸ்பெயின் அரச குடும்பத்தின் குழு ஓவியத்தை 1994இல் தொடங்கி 2014இல்தான் கொடுத்தார். அரசர் என்றபடியால் பொறுத்துக்கொண்டார் போலும். இங்கே இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு முதல் நாள் படம் கைக்கு வராவிட்டால் என் கதை வேறு.

சரி, கைபேசிக் கேள்விக்கு வருகிறேன். வன்னியில் என்னிடம் வரும் உருவப்பட வேலையில் பாதிக்கு மேல் அடையாள அட்டையில் இருந்து வரைவது. 2009இல் போருக்குள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது அல்பத்தை யார் தூக்கினார்கள்? சட்டைப்பையில் கிடந்த அட்டைதான் மிஞ்சியது. அதன் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறை ஓரத்தில் பிரிந்து, தண்ணீர் ஏறி, கறுப்பு வெள்ளைப் படம் மங்கியிருக்கும். முகம் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. ஃபிளாஷ் நேராக அடித்ததால் மூக்கின் நிழல் அழிந்து மூக்கே சப்பையாகத் தெரியும். ஒரு கண்ணில் மட்டும் வெள்ளைப் பொட்டு விழுந்திருக்கும். இதைக் கணினியில் எவ்வளவு பெருப்பித்தாலும் மங்கல்தான் பெருக்கும். ஆகவே நான் வீட்டாரை வரச்சொல்லிக் கேட்பேன்: மூக்கு யாருடைய சாயல், காது யாருடையது? தம்பியோ அக்காவோ வந்து கதிரையில் இருப்பார்கள். உயிரோடு இருப்பவரின் காதைப் பார்த்து இறந்தவரின் காதை வரைவேன். தாய் தள்ளி நின்று பார்த்துவிட்டு, கண் அவன்தான், வாய் அவன் இல்லை என்பார். சரியாகத்தான் சொல்வார். உதட்டின் ஓரத்தை அரைக்கால் அங்குலம் இறக்கினால் ஆள் வந்துவிடுவார். உள்ளபடி வரைவது என்பது இப்படிப் பார்ப்பதும் கேட்பதும் திருத்துவதும்தான். படத்தைப் பார்த்துப் படம் எடுக்கும் வேலைக்கு மட்டும்தான் கைபேசி போட்டி.

இன்னொரு தொல்லையும் உண்டு. கொஞ்சம் நிறமாக வரையுங்கள் தம்பி என்று கேட்காத வீடு குறைவு. பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளும் கலந்து, நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலம் தொட்டால் நம் வெயிலில் நின்ற தோல் அப்படியே வரும். திறந்த வெளியில் கறுத்த நெற்றியில் வானத்தின் நீலம் மெல்லியதாகப் படிந்து கிடக்கும். அதைத்தான் முதலில் அழிக்கச் சொல்கிறார்கள்.

தோல் நிறம் என்றதும் அமெரிக்க ஓவியர் ஏமி ஷெரால்ட் நினைவுக்கு வருகிறார். 1973இல் பிறந்த கறுப்பினப் பெண். அவர் வரைவதும் கறுப்பின மக்களைத்தான். உடையும் பின்னணியும் பளிச்சென்ற வர்ணத்தில் இருக்க, தோலை மட்டும் சாம்பல் நிறத்தில் வரைகிறார். பார்க்கிறவர் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் ஆளைப் பார்க்கட்டும் என்பது என் விளக்கம். பால்டிமோரில் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்துகொண்டே நெடுங்காலம் வரைந்தார். இதயம் பழுதாகி, 2012இல் மாற்று இதயம் பொருத்தப்பட்டது. 2018இல் மிஷேல் ஒபாமாவின் உருவ ஓவியம் திறந்துவைக்கப்பட்ட பிறகுதான் உலகம் முழுவதும் அவர் பெயர் தெரிந்தது.

பிழைப்புக்கு வேறு தொழில் வைத்திருப்பது தோல்வி என்று நினைக்கிறவர்களுக்கு சுதிர் பட்வர்தனைக் காட்டுவேன். 1949இல் பிறந்தவர், மருத்துவர். மும்பைக்கு அருகில் உள்ள தானேயில் 1975 முதல் 2005 வரை கதிரியக்க மருத்துவராக வேலை பார்த்தபடியே தொழிலாளர்களையும் ரயில் பயணிகளையும் வளரும் நகரத்தையும் வரைந்தார். பகல் முழுவதும் எக்ஸ்-ரேயில் எலும்பைப் பார்த்த கண். அவர் வரைந்த ஆட்களின் உடம்பில் பாரம் எங்கே இறங்குகிறது என்று தெளிவாகத் தெரியும்.

ஆனால் வன்னியில் இருந்து பார்க்கும் எனக்கு மிக நெருக்கமானவர் சீனாவின் லியூ சியாவ்தோங். 1963இல் ஒரு காகித ஆலை ஊரில் பிறந்தவர். யாங்சி ஆற்றில் மூன்று பள்ளத்தாக்கு அணை கட்டியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஊர்களை விட்டு எழும்ப வேண்டியிருந்தது. லியூ அங்கே போய், இடம்பெயர்ந்தவர்களையும் பழைய ஊரை இடித்துக்கொண்டிருந்த தொழிலாளர்களையும் பெரிய பெரிய கன்வஸ்களில் வரைந்தார். தொழிலாளர்களை மெத்தை மேல் இருத்தி, வெயிலில் வியர்க்க வியர்க்க அந்த இடத்திலேயே வரைந்தார். அவர்களில் ஒருவர் வேலையில் இறந்துபோக, படங்களையும் பிள்ளைகளுக்குப் பரிசுகளையும் எடுத்துக்கொண்டு அவருடைய ஊர்வீட்டுக்குப் போனார். அந்தக் காட்சியும் ஓர் ஆவணப்படத்தில் இருக்கிறது. இறந்தவரின் படம் ஒரு வீட்டு வாசலுக்குள் போகும்போது என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், ஆகவே அதை முழுதாகப் பார்க்க முடியவில்லை. 2010இல் பிறந்த ஊருக்கே திரும்பிப்போய், கூடப் படித்து அங்கேயே தங்கிவிட்ட நண்பர்களை வரைந்தார். யாரையும் வீரனாகவோ பரிதாபத்துக்குரியவனாகவோ வரையவில்லை. சாப்பாட்டு மேசையில் சலித்துப்போய் இருக்கும் ஆட்கள், அவ்வளவுதான். நம் இடப்பெயர்வை வரையும் பிள்ளைகள் கண்ணீரும் முள்கம்பியும் உடைந்த பனையும் மட்டும் வரைவதைப் பார்க்கும்போதெல்லாம் லியூவைக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.

நம்மவர்களில் அச்சுவேலியில் பிறந்த ஆசை இராசையாவை மகள் அவசியம் பார்க்க வேண்டும். உருவப்படத்திலும் நிலக்காட்சியிலும் தேர்ந்த கை. 2020இல் மறைந்தார். மாற்கு மாஸ்டர் வேறு வழியில் போனவர், உருவத்தை உடைத்து எளிமையாக்கினார். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கே பார்க்கப் பழக்கியவர் அவர். தமிழ்நாட்டு ஓவியர் இளையராஜாவைச் சொல்லத் தேவையில்லை, கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொரு சித்திர மாணவரும் அவருடைய பெண்களைப் பார்த்து வரைந்திருப்பார். கும்பகோணம் பக்கத்து ஓட்டு வீட்டின் அரை இருட்டில், கதவால் வரும் வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழும். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது பெரிய இழப்பு. ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. இங்கே பிள்ளைகள் அந்த வெளிச்சத்தையும் அப்படியே எடுத்துவந்து நம் வீட்டுப் பெண்களின் மேல் போடுகிறார்கள். நம் வீடுகளில் அந்த வெளிச்சம் எங்கே இருக்கிறது? தகரக் கூரை ஓட்டையால் காசளவு காசளவாக விழும் வெயில், குளம் வற்றிய மாதத்தில் வெண்மணல் கீழே இருந்து தாடைக்குத் தெறிக்கும் வெளிச்சம், இவற்றை இன்னும் யாரும் சரியாக வரையவில்லை.

வருமானத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிளெக்ஸ் பதாகை வந்த பிறகு பெயர்ப்பலகை வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. திருவிழாக் காலத்தில் வாகன வேலை கைகொடுக்கிறது. உருவப்படம் மாதத்துக்கு மாதம் மாறும். பலகைக்கு முற்பணம் வாங்குவேன், உருவப்படத்துக்கு வாங்குவதில்லை. பலகையில் எழுத்து சரியா பிழையா என்று நானே பார்த்துக்கொள்ளலாம். முகத்தை அந்த வீட்டார் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொண்ட பிறகுதான் காசு.