சருகுப் பையை அவிழ்த்து விடுங்கள்

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸ் தீவின் ரோஸ்ஹில்லில் இருக்கிறோம். வீட்டைச் சுற்றி மா, லிச்சி, முருங்கை, கறிவேப்பிலை. சனிக்கிழமைதோறும் சருகைக் கூட்டிப் பையில் கட்டி வாசலில் வைப்பேன், மிச்சத்தைக் கொளுத்துவேன். அது தப்பு, தோட்டத்தைச் சூழலுக்குக் கேடில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் மகள். உரத்தொட்டி, உரமூட்டை, நத்தை மருந்து என்று வாங்க வேண்டியவை சேர்ந்துகொண்டே போகின்றன. எதிலிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

கடைக்குப் போவதைத் தள்ளி வையுங்கள். முதலில் அந்தப் பையை அவிழ்க்க வேண்டும்.

நீங்கள் கட்டி வைக்கும் சருகு மார் சிக்கோஸ் போகிறது. 1997-இல் திறந்த அதுதான் நம் தீவின் ஒரே குப்பைப் புதைகிடங்கு. அங்கே காற்றுப் புகாமல் புதைந்த இலை, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவாகிறது. கொளுத்தினால் இலையில் இருக்கும் தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. அப்புறம் அதையே மூட்டையில் காசு கொடுத்து வாங்குகிறோம். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது.

லிச்சிக்கு உணவெடுக்கும் வேர்கள் மேலாகவே ஓடும். அதன் அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகைப் பரப்புங்கள். அடிமரத்தை ஒட்டாமல் ஒரு சாண் விட்டுவிடுங்கள், ஒட்டினால் பட்டை அழுகும். மே முதல் அக்டோபர் வரையான வறண்ட மாதங்களில் அந்தப் போர்வைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், ஈரம் தெரியும். வறட்சி முற்றி, குழாய் பிடித்துத் தோட்டத்துக்கு நீர்விடத் தடை போடும் நாட்களில் அந்த ஈரம்தான் மரத்தைக் காப்பாற்றும். அரிசி கழுவிய நீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவீர்கள்தானே, அதையும் விடாதீர்கள்.

மிஞ்சிய சருகை நிழலில் குவித்து, காய்கறித் தோல் ஒரு பங்குக்குச் சருகு மூன்று பங்கு என்று அடுக்குங்கள். இறைச்சியும் மீனும் வேண்டாம், எலி வரும். பத்து நாளுக்கு ஒருமுறை கிளறினால் போதும். தொட்டி இல்லாமலே நடக்கும். கூரை நீரைப் பீப்பாயில் பிடித்தால் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள். 2006-இல் சிக்குன்குனியா பட்ட பாட்டை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

நத்தை விஷயத்தில் அவசரம் கூடாது. 1960களில் கூர்ப்பா என்று நாம் சொல்லும் பெரிய ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க நத்தை தின்னும் நத்தை ஒன்றை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். கூர்ப்பா இன்னும் நம் கொல்லையில் இருக்கிறது. இந்த மண்ணுக்கே உரிய சின்ன நத்தைகள்தான் வந்த நத்தைக்கு இரையாயின. கடை மருந்தை நாய் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து. மழை பெய்த இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்கி உப்பு நீரில் போடுங்கள். கையுறை கட்டாயம், மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி நத்தையில் இருக்கலாம். சருகில் நத்தை ஒளியும் என்பதும் உண்மை. அதனால் நாற்றுப் பாத்தியில் மட்டும் சருகு போடாதீர்கள்.

பூச்சிமருந்தையும் வேண்டாம் என்பேன். உங்கள் சுவரில் ஓடும் பச்சைப் பல்லிக்குப் பூச்சிதான் சாப்பாடு. அது பூந்தேனும் குடிக்கும். நம் தேசிய மலரான பூக்ல் தொரேய் இயற்கையில் லெ மோர்ன் மலையில் மட்டுமே வளர்வது, சிவப்பாகத் தேன் சுரப்பது. அதன் இனத்துப் பூக்களில் நிறமுள்ள தேனைத் தேடிப் பல்லிகள் வருவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

முருங்கையும் கறிவேப்பிலையும் நம்மோடு கப்பலேறி வந்தவை. கிரியோல் பேசுகிறவர்களும் மூரூம், காரிப்புலே என்றே சொல்கிறார்கள். அவை இருக்கட்டும். பக்கத்தில் இந்தத் தீவின் செடி ஒன்றுக்கும் இடம் கொடுங்கள். மலையில் பிடுங்காமல், நாற்றுப்பண்ணையில் வாங்கி, டிசம்பர் மழையோடு நடுங்கள். இந்தச் சனிக்கிழமை லிச்சி அடியை மட்டும் பாருங்கள்.