மேசையும் சாப்பாடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘மேசை’ போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல் என்று ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி ருமேனியாவின் கான்ஸ்டன்ட்ஸா துறைமுகத்தில் கேட்டதாகச் சொன்னான்: அங்கே மேசைக்கு ‘மஸ’ என்கிறார்களாம், சாப்பாட்டுக்கும் அதே சொல்தானாம். இது நம் மேசைக்கு உறவா, வெறும் தற்செயலா? உறவென்றால் பொருள் எங்கே திரிந்தது? பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் மேசைக்கு ஏன் வேறு சொல் வைத்திருக்கிறார்கள்?

ரா., தூத்துக்குடி

அன்புள்ள ரா.,

உறவுதான். லத்தீனின் ‘மென்சா’ ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் ‘மேஸா’ ஆனது, ருமேனியத்தில் ‘மஸ’ ஆனது. ஆனால் ருமேனியர்கள் பொருளைத் திரித்ததாக நான் நினைக்கவில்லை. திரிந்தது என்றால் அது நம் பக்கத்தில்தான்.

ரோமானிய விருந்தில் பழமும் இனிப்பும் வரும் கடைசிச் சுற்றுக்கு ‘இரண்டாம் மென்சா’ என்று பெயர். பலகையும் அதன்மேல் வரும் உணவும் அப்போதே ஒரே சொல்லுக்குள் இருந்தன. ரோமானியக் கவி வெர்ஜிலின் ஈனியட் காவியத்தில் இதை வைத்து ஒரு வேடிக்கையே உண்டு. பசி தாளாமல் மேசைகளையே தின்னும் நாள் வரும்வரை உங்களுக்கு நகரம் அமையாது என்று ட்ராய் நகரத்து அகதிகளை ஒரு பறவைப் பெண் சபித்திருக்கிறாள். இத்தாலியக் கரையில் இறங்கியவர்கள் தட்டையான ரொட்டிகளைப் பரப்பி, அவற்றின்மேல் பழங்களை வைத்துத் தின்கிறார்கள். பசி அடங்கவில்லை, ரொட்டிகளையும் தின்கிறார்கள். அவர்களின் தலைவன் ஈனியஸின் மகன் ‘அட, மேசைகளையும் தின்கிறோமே’ என்கிறான். சாபம் அத்தோடு தீர்ந்தது, வந்து சேரவேண்டிய நாடும் அதுதான்.

ஆக, ருமேனியன் பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நாம் ‘இலை போட்டாச்சு’ என்பதுபோல அவர்கள் ‘மஸ தயார்’ என்று கூப்பிடுவார்கள். பிற்பகலுக்கே அங்கே ‘மஸவுக்குப் பின்’ என்று ஒரு பெயர் உண்டு. போர்த்துகீசியத்தில் ‘சோப்ரமேஸா’ என்றால் உணவுக்குப் பிறகு வரும் இனிப்பு. எழுத்தில் அதே சொல்லுக்கு ஸ்பானியத்தில், சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருக்கும் நேரம் என்று பொருள். என் ஓட்டு ஸ்பானியருக்கு.

சரி, மென்சாவின் ‘ன்’ எங்கே போயிற்று? ‘ஸ’வுக்கு முன்னால் வரும் ‘ன்’னைப் பேச்சு லத்தீன் வெகுகாலம் முன்பே விழுங்கிவிட்டது. ‘ப்ரோபுஸின் பின்னிணைப்பு’ என்ற பெயரில் ஒரு பழைய பட்டியல் கிடைத்திருக்கிறது. 227 வரிகள், எல்லாம் ‘இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே’ என்ற கண்டிப்பு. அதில் ஒரு வரி: ‘மென்சா, மேசா அல்ல’. இன்னொன்று, பலகைக்கான சொல்: ‘தபுலா, தப்லா அல்ல’. யாரோ ஒரு வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். அவர் தவறென்று அடித்த இரண்டு வடிவங்களும்தான் பிழைத்தன. மேசாவின் வாரிசுகள் லிஸ்பனிலும் மத்ரித்திலும், தப்லாவின் வாரிசு பாரிஸில். சாதாரண மக்கள் எப்படிப் பேசினார்கள் என்று இன்று ஆராய்பவர்களுக்கு அவருடைய எரிச்சல்தான் ஆதாரம்.

அந்த ‘ன்’ இருக்கிறதா என்று பார்த்தால் ஒரு சொல் வந்த வழி பெரும்பாலும் தெரிந்துவிடும். இத்தாலியில் தொழிற்சாலை, பல்கலைக்கழக உணவுக்கூடத்துக்கு ‘மென்சா’ என்று பெயர். வாய்வழியாக வந்திருந்தால் ‘ன்’ உதிர்ந்திருக்கும். அப்படியே இருப்பதால் அது ஏட்டிலிருந்து எடுத்தது. ஸ்பானியத்தில் மாதம் ‘மெஸ்’, மாதாந்திரம் ‘மென்சுவால்’. முன்னது தெருவில் வளர்ந்தது, பின்னது படித்தவர்கள் லத்தீனிலிருந்து இறக்கியது.

நம் கதைக்கு வருவோம். போர்த்துகீசியரிடமிருந்து நாமும் மலையாளிகளும் சிங்களவர்களும் இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டோம். தரையில் பந்தி விரித்து உண்டவர்களுக்கு அது மரச்சாமான் மட்டுமே. அதனால் சாப்பாடு என்ற பொருள் கடல் தாண்டவில்லை என்பது என் ஊகம். இன்றும் ‘சாப்பாட்டு மேசை’ என்று அதைத் தனியாக ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சும் இத்தாலியனும் வீட்டு மேசைக்கு ‘தபுலா’வை எடுத்துக்கொண்டன. அதற்கு லத்தீனில் பலகை என்று பொருள். இத்தாலியர்கள் அதையும் இரண்டாகப் பிரித்தார்கள். சாமானாக நின்றால் பொதுவாக ‘தாவோலோ’, சாப்பிடக் கூப்பிடும்போது ‘தாவோலா’. பிரெஞ்சில் மென்சா முழுதாகச் சாகவில்லை. கூரைச் சட்டகத்தில் மற்ற மரங்களை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரட்டை மரத்துக்குத் தச்சர்கள் ‘முவாஸ்’ என்பார்கள். அது மென்சாதான்.