வெரி எந்தச் சொல்லுக்கு?

வணக்கம் ஐயா. பட்டர்வொர்த்தில் மாலை நேர ஆங்கில டியூஷன் நடத்துகிறேன். இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் பாட்டியைப் பற்றிய கட்டுரையில் ‘மை கிராண்ட்மதர் இஸ் வெரி கைண்ட் அண்ட் பேஷன்ட்’ என்று எழுதியிருந்தான். பேஷன்ட்டுக்கு முன்னாலும் வெரி வேண்டும் என்று மதிப்பெண் குறைத்தேன். கடைசியில் ‘ஷி கேம் ஹோம் வெரி சேஃப் அண்ட் சவுண்ட்’ என்றிருந்தது. அதற்கும் சிவப்பு வட்டம் போட்டேன். பையனின் அப்பா சண்டைக்கு வந்துவிட்டார். இப்படி இரண்டு சொல் சேர்ந்து வரும்போது வெரி ஒரு முறையா, இரண்டு முறையா? வெரியே எழுதக்கூடாது என்கிறார்களே, சரியா? நம் பிள்ளைகள் ‘வெரி த நைஸ்’ என்று பேசுவதை எப்படித் திருத்துவது?

— ஓர் ஆசிரியை, பட்டர்வொர்த்

அன்புள்ள டீச்சருக்கு,

முதல் வேலையாக அந்தப் பையனுக்குக் குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள். ‘வெரி கைண்ட் அண்ட் பேஷன்ட்’ பழுதில்லாத ஆங்கிலம். முன்னால் நிற்கும் வெரி, அண்டைத் தாண்டிப் போய் இரண்டாவது சொல்லையும் தொடும். ‘வெரி டயர்ட் அண்ட் ஹங்கிரி’ என்றால் களைப்பும் அதிகம், பசியும் அதிகம் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் கேட்டபடி இரண்டு வெரி போட்டாலும் தப்பில்லை, அழுத்தம் கொஞ்சம் கூடும். ஆனால் சரியாக எழுதிய வரியைத் தப்பு என்று சிவப்பு மையில் காட்டினால் பிள்ளை அதை ஆயுசுக்கும் சுமப்பான். சண்டைக்கு வந்த அப்பா மேல் கோபப்படாதீர்கள். பிள்ளையின் கட்டுரையை உட்கார்ந்து வாசிக்கிற அப்பா அவர்.

வெரி தாண்டுமா, நிற்குமா என்பது இரண்டாவது சொல்லைப் பொறுத்தது. ‘வெரி ரிச் அண்ட் மேரிட்’ என்று ஒருவரைச் சொன்னால் வெரி பணத்தோடு நின்றுவிடும். கல்யாணம் ஆகியிருக்கும், அல்லது ஆகியிருக்காது. அதில் கூடுதல் குறைவு ஏது? இரண்டும் கூடிக் குறையும் சொற்களாக இருந்து, ஒன்றுக்கு மட்டும் அழுத்தம் வேண்டுமானால் வரிசையை மாற்ற வேண்டும். ‘கைண்ட் அண்ட் வெரி பேஷன்ட்’ என்று எழுதினால் வெரி முழுக்கப் பொறுமைக்குத்தான். வெரி பின்னோக்கிப் போகாது. இதை மறந்துவிடாதீர்கள்.

சேஃப் அண்ட் சவுண்டுக்கு நீங்கள் போட்ட வட்டம் சரி. தமிழ்ப்பள்ளியில் மொழியணிப் பாடத்தில் இணைமொழி படித்திருப்பீர்கள். ஏழை எளியவர், ஒளிவு மறைவு. ‘மிகவும் ஒளிவு மறைவு’ என்று நாம் சொல்வதில்லை. ஆங்கிலத்தின் இணைமொழிதான் சேஃப் அண்ட் சவுண்ட். சவுண்டுக்கு அங்கே ஊறுபடாமல் முழுசாக இருப்பது என்று பொருள். இரண்டும் சேர்ந்ததுமே ‘ஒரு குறையும் இல்லாமல்’ என்று ஆகிவிடுகிறது. மேலே வெரி ஏற இடமில்லை. செக்கச்செவேல் என்று சொன்ன பிறகு மிகவும் எதற்கு? ஆனால் ‘அலைவ் அண்ட் வெல்’லுக்கு முன்னால் வெரி மச் வரும். ‘சிக் அண்ட் டயர்ட்’டுக்கு முன்னால் ஸோ வரும். ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்பதில் நைஸே வெரியின் வேலையைப் பார்க்கிறது, இதமான சூடு என்று அர்த்தம். இவையெல்லாம் வாசித்து வாசித்துக் காதில் படிய வேண்டியவை, சூத்திரம் தேடாதீர்கள்.

‘வெரி த நைஸ்’? கோப்பிக்கடையில் பேசிவிட்டுப் போகட்டும். கட்டுரையில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஏற்கெனவே இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பழைய தாள்களைப் பிரித்து அடுக்கும்போது தாத்தாவின் நற்சான்றுக் கடிதம் கிடைத்தது. தாத்தா செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே அந்தத் தலைமுறைக்கு வயிறு கலங்கும். 1960-இல் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியது இதைத் தடுக்கத்தான். தாத்தாவின் தோட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேலை போனபோது துரை கையில் கொடுத்தது ஒரு தாள்.

டைப் அடித்த சில வரிகள். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசை தடவி ஒட்டியிருக்கிறது. நடுவில் இந்த வரி: ‘ஹி இஸ் ஆனஸ்ட் அண்ட் வெரி ஒபீடியன்ட்.’

தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக வேலை கேட்டு அலைந்திருக்கிறார். தோட்டத்து எழுத்தரான கிராணி வாங்கிப் படிப்பார், இவர் நின்றுகொண்டிருப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டாராம். அப்பா அப்போது ஆங்கிலப் பள்ளி மாணவர். “நாணயமானவரு, பணிவானவருன்னு எழுதியிருக்காருப்பா” என்று சொல்லியிருக்கிறார். வெரியை விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று என்னிடம் அவர் சொன்னதில்லை.

தாத்தாவோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்: அவர் வெட்டிய மரத்தில் காயம் இருக்காது. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கி உள்மரத்தைத் தொட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. விடியுமுன் இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் அப்படிச் சீவியவர். துரைக்கு இது தெரியாதா? தெரியும். வெரி ஸ்கில்ஃபுல் என்று எழுதியிருக்கலாம். ‘வெரி ஆனஸ்ட் அண்ட் ஒபீடியன்ட்’ என்று எழுதியிருந்தால்கூட நேர்மைக்கும் பங்கு கிடைத்திருக்கும். அந்தத் தாள் முழுக்க ஒரே ஒரு வெரிதான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ப் பணிவின் மேல் வைத்தார். நேர்மைக்கு வெறும் ஆனஸ்ட் போதும் என்று விட்டுவிட்டார். ஒரு மனிதனின் உழைப்பில் இன்னொருவன் எதை மெச்சினான் என்பதை அந்த ஒரு சொல் நின்ற இடம் காட்டிக்கொடுத்துவிட்டது. வெரி பின்னோக்கிப் போகாது டீச்சர்.

அதனால்தான் வெரியே கூடாது என்று அடித்துச் சொல்கிறவர்கள் மேலும் எனக்குக் கோபம், அள்ளிக் கொட்டு என்கிறவர்கள் மேலும் கோபம். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வுக் கட்டுரைக்கு என்று பொம்பாஸ்டிக், அதாவது ஆடம்பரச் சொற்பட்டியல் ஒன்றைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். எக்ஸ்ட்ரீம்லி, இன்க்ரெடிப்லி, எக்ஸீடிங்லி. யார் வீட்டுப் பாட்டியாக இருந்தாலும் எக்ஸ்ட்ரீம்லி கைண்ட், இன்க்ரெடிப்லி பேஷன்ட்! படித்து முடித்தால் ஒரு பாட்டியின் முகமும் மனதில் நிற்காது. நீங்கள் இரண்டு இடத்திலும் வெரி போடச் சொன்னதும் இந்த வழிக்குத்தான் கொண்டுபோய் விடும். எது பெரியது, எது சும்மா கூட வந்தது என்று பிள்ளை நிதானித்துப் பார்க்கும் வாய்ப்பை அங்கேயே பறித்துவிடுகிறீர்கள். ஆசிரியர் செய்யக்கூடிய காரியமா இது?

நம் இலக்கணம் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று மிகுதிக்கென்றே ஆறு சொற்களை எடுத்து உரிச்சொல்லில் வைத்திருக்கிறது நன்னூல். உறுபசி என்றால் உறு எதற்கு என்ற கேள்வியே வராது, பசியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிகப் பெரிய என்பதிலும் நடுவில் ஒரு ‘ப்’ வந்து பிடித்துக்கொள்கிறது. மிகவும் அப்படி ஒட்டுவதில்லை. ‘மிகவும் அன்பான, பொறுமையான பாட்டி’ என்றால் உங்கள் மாணவனின் ஆங்கில வாக்கியத்தில் இருக்கும் அதே சந்தேகம் தமிழிலும் வரும். மலாயில் ‘சங்காட் பாயிக் டான் சாபார்’ என்று எழுதினாலும் வரும். மூன்று மொழியிலும் ஒரே பாட்டியை எழுத வைத்துப் பாருங்கள், பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்த வகுப்பில் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது பையனிடம் கேளுங்கள்: உன் பாட்டியிடம் எது பெரியது, அன்பா, பொறுமையா? பொறுமை என்றால் ‘கைண்ட் அண்ட் வெரி பேஷன்ட்’ என்று மாற்றட்டும். அதற்குக் கீழே பாட்டி பொறுமையாக இருந்த ஒரு நாளை நாலு வரியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அளவு என்று சொன்னால் பழைய வாக்கியத்தைத் தொடாதீர்கள். அப்பாவையும் கூட உட்கார வைத்துக் கேளுங்கள். அந்தப் பாட்டி அவருடைய அம்மாவாகவும் இருக்கலாம்.