ஒரு இசைத்தட்டு நிறுவனத்தின் வரலாற்றில் எந்தெந்த ஆண்டுகளைக் கொண்டாடலாம்?

கேட்டவர் எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. எனக்கு வசதியாகப் போயிற்று. எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு தகரப்பெட்டி நிறைய ஓடியன் ரிக்கார்டுகள் கிடந்தன. அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஜெர்மன் கம்பெனிதான், ஆனாலும் காரைக்குடிப் பக்கத்துக்காரனுக்கு ஓடியன் அந்நியம் இல்லை. ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரின் தந்தை ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் நடத்திய ஏவி அண்ட் சன்ஸ் கடையில் கிராமபோன் ரிக்கார்டும் விற்றார்கள். மகன் அந்த வியாபாரத்தைப் பழகிக்கொண்டு சென்னைக்குப் போய், கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். 1930களில் இந்தப் பக்கம் ஓடியன் ரிக்கார்டு வந்தது அவர்கள் வழியாகத்தான். ஏவிஎம் என்றால் எல்லோருக்கும் சினிமா ஞாபகம் வரும். எங்கள் ஐயா (அப்பச்சியின், அதாவது என் தந்தையின், அப்பா) கடைசிவரை அவரைப் 'பிளேட்டுக் கடைக்காரர்' என்றே சொல்வாராம். பிளேட்டு என்றால் ரிக்கார்டு.

சரி, கேள்விக்கு வருகிறேன். இதில் முதல் சிக்கல் என்னவென்றால், நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய ரிக்கார்டுகளில் பெரும்பாலும் வருஷமே போட்டிருக்காது. பாடியவர் பெயர், ராகம், தாளம், ஒரு எண், அவ்வளவுதான். எப்போது பதிந்தார்கள், எப்போது விற்பனைக்கு வந்தது என்பதெல்லாம் கம்பெனி நோட்டுகளில் இருக்கும், தட்டில் இருக்காது. எங்கள் வீட்டில் அந்தக் குறையை ஐயா தீர்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு காகித உறையின் மூலையிலும் கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில் பென்சிலால் குறிப்பு. ஒன்றில் 'யுவ வருஷம் ஆவணி, மதராசில் வாங்கியது' என்று இருக்கிறது. யுவ என்றால் 1935. அதே வருஷம்தான் மெய்யப்பச் செட்டியார் ரிக்கார்டு வியாபாரத்தோடு நிற்காமல் 'அல்லி அர்ஜுனா' என்று முதல் படம் எடுத்தார். படம் ஓடவில்லை. ஐயா வாங்கிய ரிக்கார்டு மட்டும் எங்கள் வீட்டில் நன்றாகவே ஓடியிருக்க வேண்டும், ஊசி தேய்த்த தடம் வெள்ளையாகத் தெரிகிறது.

ஓடியன் பிறந்தது 1903, பெர்லினில். பாரிசில் இருக்கும் ஓடியன் என்ற நாடக அரங்கின் பெயரை வைத்தார்கள். லேபிளில் ஒரு கட்டடம் இருக்குமே, அது அதுதான். (சின்ன வயதில் நான் அதை ஏதோ கோயில் என்று நினைத்திருந்தேன்.) வழக்கமாக நிறுவனங்கள் கொண்டாடுவது இந்தப் பிறந்த வருஷத்தைத்தான். அதிலும் குழப்பம் உண்டு. எச்எம்வியின் தாய்க் கம்பெனியான ஈஎம்ஐ 1997லேயே நூற்றாண்டு கொண்டாடியது. அதன் முன்னோடியான கிராமபோன் கம்பெனியைப் பதிவு செய்ததோ 1898ல். எந்தக் காகிதத்தைப் பிறப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

என்னைக் கேட்டால் 1903ஐ விட 1904 பெரிது. அதுவரை ரிக்கார்டின் ஒரு பக்கத்தில்தான் பாட்டு, மறுபக்கம் வெறும் வழுக்கை. அந்த வருஷம் லைப்சிக் சந்தையில் ஓடியன்காரர்கள் இரண்டு பக்கமும் பாட்டு உள்ள தட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் இடம் என்றிருந்த காலம். கப்பலில் ஒரே எடை, ஒரே கூலி, பாட்டு மட்டும் இரண்டு. கொண்டுவிற்கிற எந்த வியாபாரியும் இதைக் கேட்டால் எழுந்து நிற்பான். அடுத்தது 1909: ரஷ்ய இசையமைப்பாளர் சைக்காவ்ஸ்கியின் நட்கிராக்கர் இசைத் தொகுப்பை நான்கு தட்டுகளில், எட்டுப் பக்கங்களாக, ஒரே கட்டாக ஓடியன் விற்றது. முதல் ஆல்பம் என்று பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

1911ல் ஓடியன் லிண்ட்ஸ்ட்ராம் என்ற இன்னொரு ஜெர்மன் கம்பெனி கைக்குப் போனது, 1931ல் கொலம்பியாவும் எச்எம்வியும் இணைந்து ஈஎம்ஐ ஆனபோது இதுவும் அந்தக் குடையின் கீழ் வந்தது. இதெல்லாம் பங்குதாரர் சமாச்சாரம். 1939ல் போர் வந்ததும் ஜெர்மனியோடு வியாபாரம் அற்றுப்போனது. அந்த வருஷத்துக்குத் திதிதான் கொடுக்கலாம்.

இந்த இடத்தில் என் மடத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்த உற்சாகத்தில், தூசியும் பிசுக்குமாக இருந்த ஒரு தட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, தட்டு மங்கியது, கோடுகள் மழுங்கிவிட்டன. வீட்டு நிலைக்கதவுக்குப் பாலிஷ் போட வந்திருந்த ஆசாரி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அது அரக்கு தம்பி. நான் கதவுக்குப் போடுறதும் அதே சரக்குதான். ஸ்பிரிட்ல கரைச்சுத்தானே போடுறோம்!" பழைய ரிக்கார்டுகள் அரக்கோடு கல்பொடி கலந்து அச்சடித்தவை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உலர்ந்த மென்துணி போதும், இல்லையென்றால் சாராயம் கலக்காத நீர். ஐயாவின் யுவ வருஷத் தட்டு தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

அப்புறம் ஏவிஎம் கதை. 1945 அக்டோபர் 14ல் சென்னையில் ஏவிஎம் புரொடக்‌ஷன்ஸ் தொடங்கினார்கள். போர்க்காலத் தட்டுப்பாட்டில் அங்கே புதிதாக மின் இணைப்புக் கிடைக்காததால் காரைக்குடிக்கே வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து ஸ்டூடியோவாக்கினார்கள். 1947ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். 2025ல் 80 நிறைந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் 25, 50, 100 என்று எண்ணட்டும், எங்கள் பக்கத்தில் 60ம் 80ம்தான் சாந்திக் கல்யாணக் கணக்கு.

ஆனால் நான் பந்தல் போட்டுக் கொண்டாடுவதாக இருந்தால் 1949ஐத்தான் எடுப்பேன். பாரதியார் பாடல்களை ரிக்கார்டில் பதியும் உரிமையை ஒரு காலத்தில் ஒரு நகை வியாபாரக் கம்பெனி வாங்கி வைத்திருந்தது. அது கைமாறி மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டுகள் அத்தனை ஒலித்ததும் அந்த உரிமையால்தான். பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த 1949ல் சென்னை அரசு கேட்டபோது செட்டியார் விலை வாங்காமல் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். வியாபாரமே மூச்சாக இருந்த ஊர்க்காரர் கைமுதல் போட்டு வாங்கியதைச் சும்மா கொடுத்தார் என்பதை எங்கள் பக்கத்தில் இன்றும் கொஞ்சம் ஆச்சரியத்தோடுதான் பேசுவார்கள். இதற்கு 50, 75 என்று யாராவது விழா எடுத்து நான் பார்த்ததில்லை.

யுவ வருஷம் 60 கழித்து 1995ல் ஒருமுறை திரும்பி வந்தது. அப்போது அந்தப் பெட்டி பூட்டியே கிடந்தது, சாவி எங்கே என்று கூட அப்பச்சிக்குத் தெரியாது. அடுத்தது 2055. உறையில் ஐயா எழுதியதற்குக் கீழே நானும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: 'ஸ்பிரிட் தொடாதே.'