எட்டு கோர் இருந்தும் வேகம் கூடவில்லையே: கேள்வி பதில்

கேள்வி: வீடியோவில் முகம் தேடும் நிரலை என் கணினிச் செயலியின் எட்டு கோருக்கும் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) பிரித்துக் கொடுத்தேன். மூன்று மடங்கு வேகம்கூட வரவில்லை. எங்கே தவறு செய்தேன்?

பதில்: தவறே செய்யாமலும் இப்படி ஆகும். வீடியோவை டீகோட் செய்வது (சுருக்கிய கோப்பைப் படங்களாக விரிப்பது), முடிவை எழுதுவது போன்றவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். மொத்த நேரத்தில் கால் பங்கு அதற்கே போகிறது என்று வையுங்கள். மீதி முக்கால் பங்கை எட்டு கோரும் சரிசமமாகப் பகிர்ந்தாலும் 2.9 மடங்குதான் கிடைக்கும். ஆயிரம் கோர் போட்டாலும் 4 மடங்கைத் தொடாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே முன்வைத்த வாதம் இது. அதனால் முதலில் எந்தப் படிக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று அளந்துவிடுங்கள். அளக்காமல் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

கேள்வி: பைத்தானில் த்ரெட் நல்லதா, தனித்தனி ப்ராசஸா?

பதில்: த்ரெட் என்பது ஒரே நிரலுக்குள், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து ஓடும் வேலை; ப்ராசஸ் என்பது தனக்கென நினைவகத்தோடு தனியாக ஓடும் நிரல். வேலை ஓப்பன்சிவிக்குள் (படங்களைக் கையாளும் நிரல் நூலகம்) நடக்கிறது என்றால் த்ரெட் போதும். வழக்கமான பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் வரிகளை ஓட்ட முடியும்; மற்றவற்றை ஒரு பூட்டு (GIL) தடுத்து வைக்கும். ஆனால் ஓப்பன்சிவியின் சி++ கணக்கு ஓடும்போது பெரும்பாலும் அந்தப் பூட்டு திறந்தே இருக்கும்.

ப்ராசஸ் என்றால் படத்தை அனுப்பும் செலவைப் பாருங்கள். 1920×1080 வண்ணப் பிரேம் (வீடியோவின் ஒரு படம்) ஒன்று 62 லட்சம் பைட். வினாடிக்கு 30 பிரேம் என்றால் 18 கோடியைத் தாண்டும். அத்தனையையும் கியூ (ப்ராசஸ்களுக்கிடையே தரவை வரிசையாக அனுப்பும் வழி) வழியாக அனுப்பினால் கட்டுவதும் நகலெடுப்பதும் பிரிப்பதுமே பெரிய வேலையாகிவிடும். பைத்தான் 3.8-லிருந்து எல்லா ப்ராசஸும் பார்க்கக்கூடிய பகிர்வு நினைவகம் இருக்கிறது. பிரேமை அதில் ஒருமுறை எழுதி, எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்ற எண்ணை மட்டும் அனுப்புங்கள். நான் எப்போதும் இந்த வழியைத்தான் சொல்வேன்.

கேள்வி: ப்ராசஸ் கூட்டக் கூட்ட இன்னும் மெதுவாகிறதே!

பதில்: ஓப்பன்சிவி தானாகவே உள்ளுக்குள் பல த்ரெட் போடும். எட்டு ப்ராசஸ், ஒவ்வொன்றிலும் எட்டு த்ரெட் என்றால் 64 பேர் எட்டு கோருக்கு முட்டிமோதுவார்கள். ஒவ்வொரு ப்ராசஸின் தொடக்கத்திலும் செட்நம்த்ரெட்ஸ் (cv2.setNumThreads) கட்டளை கொடுத்து த்ரெட் எண்ணிக்கையை 1 என்று வையுங்கள்.

கேள்வி: ஒரே படத்தைத் துண்டு போட்டுக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் 5×5 ஃபில்டர் (ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சுற்றிய 5×5 புள்ளிகளை வைத்துக் கணக்கிடுவது) என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் வெட்டிய விளிம்பில் அடுத்த துண்டின் 2 வரிசைகளையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் ஒட்டும் இடத்தில் கோடு தெரியும்.

கேள்வி: நேரலை கேமராவில் தாமதம் அதிகம். பிரேம்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் குறையுமா?

பதில்: குறையாது. வினாடிக்கு முடியும் பிரேம்கள் கூடும். ஒரு பிரேமுக்கு 100 மில்லிசெகண்ட் ஆனால் அது அப்படியேதான் இருக்கும். தாமதம்தான் பிரச்சினை என்றால் படத்தைச் சின்னதாக்குங்கள், அல்லது ஒரே பிரேமைத் துண்டு போடுங்கள். கியூவில் தேங்கிய பழைய பிரேம்களைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள்.