பழைய 5.1 ஹோம் தியேட்டரில் டிவிடி ஓடவில்லை, ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இரைச்சல். வேலூரில் இதைச் சரிசெய்து டிவிக்கும் போனுக்கும் பயன்படுத்த முடியுமா?

முடியும். டிவிடியை மட்டும் மறந்துவிடுங்கள், லென்ஸ் மாற்றும் செலவுக்கு அது தகாது. 5.1 ஆசையையும் விட்டுவிடலாம். போனிலிருந்து வருவது இடது, வலது இரண்டு சேனல்தான். முன் ஸ்பீக்கர் இரண்டு, வூஃபர் ஒன்று என்று 2.1ஆக ஓட்டினாலே ஹாலுக்குப் போதும்.

முதலில் இரைச்சல். பின்பக்க இன்புட் ஒயர்களை எல்லாம் பிடுங்கி, வால்யூமைச் சுத்தமாகக் குறைத்து ஆன் செய்யுங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு ஒயரில் அல்லது எர்த்தில். நிற்காவிட்டால் பெரும்பாலும் பவர் சப்ளையில் கரண்டைச் சீராக்கும் உருளை வடிவக் கண்டன்சர் வறண்டிருக்கும். நம்ம ஊர் வெயிலில் இது சகஜம்: 10 டிகிரி சூடு கூடினால் கண்டன்சரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். கத்திரியில் டிவி அலமாரிக்குள் அடைத்துவைத்தால் கேட்கவே வேண்டாம். 85 டிகிரி வகையைத் தவிர்த்து, 105 என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடு ஒயருக்கு இருபுறமும் 12 வோல்ட் ஏசி) என்றால் பக்கத்துக்குச் சுமார் 17 வோல்ட் டிசி வரும். 4700 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்), 35 வோல்ட் கண்டன்சர் இரண்டு போடுங்கள். 25 வோல்ட்டும் தாங்கும்தான், ஆனால் ராத்திரியில் வோல்டேஜ் ஏறும் தெருவில் 35தான் நிம்மதி. கோடு உள்ள பக்கம் மைனஸ், மாற்றி வைத்தால் வெடிக்கும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் (சார்ஜரில் இருப்பது போன்ற பவர் சப்ளை போர்டு) இருந்தால் அதன் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கலாம். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் நேராகக் கரண்ட் கொடுக்காதீர்கள். 60 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது செட்டுக்குப் போகும் கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி, போட்டு ஆன் செய்யுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

ஒரு சேனல் மட்டும் ஊமை என்றால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் ஐசியைப் பாருங்கள். இந்த வகை செட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுவது டிடிஏ2030ஏ. 12-0-12 சப்ளை உள்ள செட்டில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஐசியின் 4ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே டிசி வோல்ட்டை அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்துப் பதினைந்து வோல்ட் காட்டினால் ஐசி போய்விட்டது, அதில் ஸ்பீக்கரை மாட்டினால் அதன் கம்பிச்சுருளும் கருகும். புது ஐசி போடும்போது, ஐசிக்கும் ஹீட் சிங்க்குக்கும் (சூட்டை இறக்கும் அலுமினியத் தகடு) நடுவே கரண்ட் பாயாமல் தடுக்கும் மைக்கா ஷீட்டை மறந்துவிடுகிறார்கள். ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. ஹீட் சிங்க் கிரவுண்டில் இருந்தால், மைக்கா இல்லாமல் திருகியதுமே ஷார்ட்.

ப்ளூடூத்துக்கு 5 வோல்ட் மாட்யூல் போதும். அதற்கு ஆம்ப் சப்ளையிலிருந்தே 7805 (5 வோல்ட் தரும் ரெகுலேட்டர் ஐசி) வைத்துக் கரண்ட் எடுத்தால் பாட்டின் இடைவெளியில் ‘கிர்ர்’ என்று டிஜிட்டல் சத்தம் கேட்கும், இரண்டுக்கும் கிரவுண்டு ஒன்றாகிவிடுவதால். பழைய மொபைல் சார்ஜரைப் பிரித்துத் தனி சப்ளையாகக் கொடுங்கள்.

டிவியில் ஹெட்ஃபோன் ஜாக் இல்லையென்றால், ஆப்டிகல் கேபிளும் ஆப்டிகலை ஆர்சிஏவாக (சிவப்பு, வெள்ளை பின் உள்ள சாதாரண ஆடியோ இணைப்பு) மாற்றும் சின்னப் பெட்டியும் வேண்டும். டிவியின் ஆடியோ செட்டிங்கில் ‘பிசிஎம்’ (சுருக்கப்படாத சாதாரண டிஜிட்டல் ஒலி) வைக்காவிட்டால் சாதாரணப் பெட்டியில் சத்தமே வராமல் போகலாம். பலர் பெட்டியைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

மெயின் போர்டே செத்திருந்தால் அதைத் தூக்கிவிட்டு டிபிஏ3116 ஐசி உள்ள 2.1 ஆம்ப் போர்டு போடுங்கள். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரே அதை ஓட்டும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவரலாம். அதற்கு முன் ஸ்பீக்கரின் பின்புறம் எத்தனை ஓம் என்று பாருங்கள். சில செட்டுகளில் 3 ஓம் இருக்கும், அதற்கு 12 வோல்ட் அடாப்டர் போதும். இந்த போர்டில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் சிக்னல் ஓடுகிறது. மைனஸ் ஒயர்களை ஒன்றாக முறுக்குவதோ, பெட்டியின் தகட்டில் தொடவிடுவதோ கூடவே கூடாது.