எஃபிகசி, எஃபெக்டிவ்னஸ்: இரண்டுக்கும் ‘செயல்திறன்’ போடலாமா?

வணக்கம். தடுப்பூசிக் கையேட்டில் எஃபிகசி, எஃபெக்டிவ்னஸ் இரண்டுக்கும் ‘செயல்திறன்’ என்றே போட்டதால் ஒரு வாக்கியம் தனக்குத்தானே முரண்படுகிறது என்று கேட்டிருந்தீர்கள். எஃபிகசி என்பது கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுச் சூழலில் மருந்து காட்டும் பலன். எஃபெக்டிவ்னஸ், அன்றாட வாழ்வில் கிடைக்கும் பலன். வெளியே வேறு நோயுள்ளவர்கள், இரண்டாம் தவணையைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் இருப்பதால் இரண்டாவது எண் பெரும்பாலும் குறைவாகவே வரும். ‘ஆய்வுநிலைத் திறன்’, ‘நடைமுறைப் பயன்’ என்று பிரித்து, முதன்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கமும் கொடுங்கள். ‘செயல்திறன்’ எஃபிசியன்சிக்கு இருக்கட்டும். அது செலவுக்கும் விளைவுக்குமான கணக்கு.

இன்னொன்றையும் தயவுசெய்து அச்சுக்குப் போகும் முன் திருத்திவிடுங்கள். ‘95% எஃபிகசி’ என்பதை ‘ஊசி போட்ட நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, வாசிப்பவரை வீணாகப் பயமுறுத்தும். 2020இல் ஃபைசர் ஆய்வில் ஏறத்தாழ சம அளவுள்ள இரு குழுக்கள்: தடுப்பூசி பெற்றவர்களில் 8 பேருக்கும், போலி மருந்து பெற்றவர்களில் 162 பேருக்கும் கோவிட் வந்தது. 8-ஐ 162-ஆல் வகுத்தால் சுமார் 0.05, அதை 1-இலிருந்து கழித்தால் 0.95. ஆகவே, ‘ஊசி போடாதவர்களோடு ஒப்பிடுகையில் நோய் வரும் வாய்ப்பு 95% குறைவு’ என்று எழுதுங்கள். ‘ஒப்பிடுகையில்’ என்ற சொல்லை மட்டும் இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள்.